சீலிங்கில் பூசணம்: செலவு யார் தலையில்?

கேள்வி: 9ஆம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சீலிங்கில் கறுப்புப் பூசணம். இரண்டு முறை பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது. "நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, டெபாசிட்டில் கழித்துக்கொள்வேன்" என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள்தான் பொறுப்பா? - வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் பெயின்ட் அடிப்பதை நிறுத்துங்கள். உள்ளே ஈரம் இருக்கும்வரை எந்தப் பெயின்டும் உப்பி உரியத்தான் செய்யும். கறையை மறைத்தால் உங்கள் கையிலுள்ள சாட்சியும் போய்விடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அதை வைத்துத்தான் செலவு யாருடையது என்று முடிவாகும்.

கறைக்குப் பக்கத்தில் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். பிரிக்கும்போது உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் கான்கிரீட்டுக்குள்ளிருந்து வருகிறது. மழைக்குப் பிறகு மட்டும் கூடினால் வெளிச்சுவர் விரிசலையோ ஜன்னல் சிலிக்கோனையோ பாருங்கள். மழையே இல்லாத வாரத்திலும் நனைந்தால் மேல்வீட்டுக் குளியலறைத் தரையோ பைப்போதான். ஏர்கோன் அடியில் மட்டும் சொட்டினால் அதன் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். அந்தச் சர்வீஸ் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வாடகைக்காரர் செலவு.

உங்கள் சீலிங் குளியலறையை ஒட்டியிருப்பதால் மேல்வீட்டின் மீதே சந்தேகம். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (சட்டம் 757) இதைத்தான் சொல்கிறது: சீலிங்கில் ஈரம் கண்டால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். கசிவு பற்றி எழுத்தில் அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாக அலுவலகம் சோதனை செய்யவேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் 28ஆம் படிவத்தில் சான்றிதழ் தரவேண்டும். காரணம் மேல்வீடு என்றால் அதன் உரிமையாளர் 7 நாளுக்குள் சரிசெய்ய நடவடிக்கை எடுக்கவேண்டும். தவறினால் நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். இதிலும் திருப்தி இல்லையென்றால் கோலாலம்பூர் மாநகராட்சியின் கட்டட ஆணையரிடம் போகலாம்.

இந்த அறிவிப்பை வீட்டு உரிமையாளர் பெயரில் கொடுப்பதே முறை. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் கைகழுவிவிட முடியாது. தேதியிட்ட படங்களோடு அவருக்கு வாட்சாப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், பிறகு "சொல்லவே இல்லையே" என்பார்கள். ஒப்பந்தத்தில் 'சிறு பழுது' வரம்பு (வாடகைக்காரரே ஏற்கவேண்டிய பழுதுச் செலவு) எத்தனை ரிங்கிட் என்று பாருங்கள், முத்திரைத்தீர்வை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. டெபாசிட்டை அநியாயமாகப் பிடித்துவைத்தால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம்.

கசிவு நின்ற பிறகு துடையுங்கள். மூன்றடிக்கு மூன்றடி வரை நீங்களே செய்யலாம்: என்95 முகக்கவசம், கையுறை, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூசண வித்துகள் வீடெங்கும் பறக்கும். குளோரோக்ஸ் போன்ற பிளீச் டைல்ஸுக்குச் சரி, சீலிங் பலகைக்குள் இறங்காது. அதோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ கலந்தால் நச்சு வாயு வரும், ஒருபோதும் கலக்காதீர்கள். தொட்டால் அமுங்கும் ஜிப்சம் பலகையைத் துடைத்துப் பயனில்லை, வெட்டி மாற்றவேண்டும்.

கேள்வி: அலமாரிக்குப் பின்னால் மட்டும் பூசணம். சுவரில் கசிவு இல்லை. இது யார் பொறுப்பு? - வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இது உங்கள் பங்கு. பக்கத்து அறையில் இரவெல்லாம் 18 டிகிரியில் ஏர்கோன் ஓடுகிறதா? சுவர் குளிர்ந்து இந்தப் பக்கம் வியர்க்கும். 24க்கு ஏற்றுங்கள், அலமாரியை நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், அந்த அறையில் துணி காயப்போடாதீர்கள். ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் பூசணம் பிடிக்காது.