கணக்கப்பிள்ளையின் பங்கு

ஐயா,

நானும் நண்பர் ஒருவரும் வெள்ளவத்தையில் மென்பொருள் கம்பனி ஒன்றைத் தொடங்கியுள்ளோம். முதல் ஊழியராக வரவிருப்பவர் வெளியே மாதம் 300,000 ரூபா பெறக்கூடியவர். எங்களால் 180,000 தான் கொடுக்க முடியும். மீதிக்குப் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அரை வீதம் போதும் என்கிறார் நண்பர். இரண்டு வீதம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். குடும்பம் போலப் பழகுவதால் எழுத்தில் இன்னும் எதுவும் இல்லை. எது நியாயம்?

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

அவர் மாதம் 120,000 ரூபாவை விட்டுக்கொடுக்கிறார். அந்தத் தொகைக்கு நீங்கள் கட்டவேண்டியிருந்த சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதியம் 3 வீதமும் சேர்ந்து இன்னொரு 18,000. நான்கு ஆண்டுகளில் 66 இலட்சத்துக்கு மேல் வருகிறது. இதே பணத்தை வெளியார் ஒருவர் கொண்டுவந்தால் அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று நண்பரிடம் கேளுங்கள். வீதத்தைப் பற்றி இதற்குமேல் நான் சொல்வதற்கில்லை.

எழுத்தில் எதுவும் இல்லை என்று எவ்வளவு சாவகாசமாக எழுதியிருக்கிறீர்கள்! என் தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் 19 ஆண்டுகள் கணக்கு எழுதினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதலாளி வெற்றிலைத் தட்டை நீட்டி, "இந்தக் கடையில உமக்கும் ஒரு பங்கு இருக்குது, கணக்கப்பிள்ளை" என்பார். அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அவர் காலமானபின் பிள்ளைகள், மரியாதையாகத்தான், "எங்க ஐயா எழுதியிருக்குது?" என்று கேட்டார்கள். சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் எல்லாம் அப்பாவின் கையெழுத்து; நூற்கண்டு வாங்கிய சதக்கணக்குக்கூட அவற்றில் இருந்தது; அவருடைய பெயருக்கு மட்டும் ஒரு பக்கம் இல்லை. ஏன் எழுதுவித்துக்கொள்ளவில்லை என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "முதலாளியிட்ட எப்பிடியடா கேக்கிறது?" என்றார்.

உங்கள் ஊழியரும் கேட்க மாட்டார். குறைந்த சம்பளத்துக்கு உங்களை நம்பி வருபவருக்கு, பத்திரம் கேட்பது உங்களைச் சந்தேகிப்பதுபோல் தோன்றும். அந்தக் கூச்சத்தைக் குடும்பப் பாசம் என்று எண்ணி நீங்கள் மகிழ்ந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே எழுதவேண்டியவர் நீங்கள்தான். மொத்தப் பங்குகள் எத்தனை என்று சொல்லாமல் வீதத்தை மட்டும் சொல்வது ஏமாற்று: 10 இலட்சம் பங்குகளில் 10,000 என்றால் ஒரு வீதம், நாளை முதலீட்டாளர் ஒருவர் புதிய பங்குகளாக 20 வீதம் எடுத்தால் அதுவே 0.8 ஆகிவிடும் என்பதை இப்போதே அவருக்குக் காட்டுங்கள். பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக அவருக்கு உரித்தாவது, முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை என்பது வழக்கம்; ஆனால் பதினோராம் மாதத்தில் நீங்களே அவரை நிறுத்தினால் என்ன, கம்பனியை விற்றால் என்ன என்பனவும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். பின்னர் தருவதாகச் சொன்ன பங்கும் பங்குப் பதிவேட்டில் பெயர் ஏறிய பங்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் உடனே கையெழுத்து வாங்காதீர்கள். தமக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவர ஒரு வாரம் கொடுங்கள்; அந்த ஒரு வாரத்தையும் அவராகக் கேட்க மாட்டார்.