ஜெர்மனியில் வாங்கிய காரை இங்கிலாந்துக்கு எடுத்துப்போய்ப் பதிவு செய்ய முடியுமா? வரி எவ்வளவு ஆகும்?

முடியும். வரியை நினைத்துத்தான் நானும் ஒரு மாதம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். கடைசியில் என்னை அலைய விட்டது வரி இல்லை, ஹெட்லைட்.

நீங்களும் வேலை மாறிப் போகிறவர், கார் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, கடன் பாக்கி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஏஜெண்ட் இல்லை. 2023-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங்குக்கு ஒரு 2018 ஸ்கோடா காரை ஓட்டி வந்தவன், அவ்வளவுதான். தொகையெல்லாம் அந்த வருடத்துக் கணக்கு. "இடது பக்கம் ஸ்டியரிங் இருக்கும் காரை எவனாவது இங்கே கொண்டு வருவானா?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: என் மச்சான் அதை ஏற்கெனவே நாற்பது தடவை சொல்லிவிட்டார். நான் முதன்முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய கார் அது. விற்க மனசு வரவில்லை.

சரி, வரிக்கு வருகிறேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஜெர்மனிக் காரும் வெளிநாட்டுக் கார்தான். சலுகை எதுவும் இல்லையென்றால் 10 சதவீதம் சுங்கம், அதையும் சேர்த்த தொகைக்கு 20 சதவீதம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி. என் காரை 14,000 பவுண்டு என்று வைத்தால் சுங்கம் 1,400, வாட் 3,080, ஆக மொத்தம் 4,480 பவுண்டு. இதைப் பார்த்துத்தான் தலை சுற்றியது. ஆனால் குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, டிஓஆர் (டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்) என்பார்கள். குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், காரை 6 மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, விலக்குக்கான எண்ணை வாங்கிவிடுங்கள். எனக்குச் சுங்கமும் இல்லை, வாட்டும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வந்த பிறகு 12 மாதத்துக்குக் காரை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இரவலும் கொடுக்கக் கூடாது.

இந்த இரவல் விஷயம்தான் என் வீட்டில் சண்டையானது. வந்த மூன்றாவது வாரம் மச்சான் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகக் காரைக் கேட்டார். சட்டப்படி தரக் கூடாது என்றேன். "சாவி குடுக்க இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லிட்டுப் போங்க மாப்ள, அதுக்கு எதுக்கு கவர்மெண்ட்ட இழுக்கறீங்க" என்றார். விலக்கு தந்து எச்எம்ஆர்சி அனுப்பிய கடிதத்தையே எடுத்துக் காட்டினேன், நம்பவில்லை. சமாதானத்துக்காகக் கார் கூரைமேல் மாட்டும் பெட்டியைக் கொடுத்தேன். 450 யூரோ கொடுத்து வாங்கிய பெட்டி. இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர் வீட்டுக் கராஜில் பழைய துணி போட்டு வைத்திருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், தெரிகிறது.

ஜெர்மனிப் பக்கம் வேலை சுலபம். பதிவு அலுவலகத்தில் பழைய நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா சின்னத் தகட்டால் முத்திரை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் பிளேட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெள்ளிச் சுரண்டல் மேஜையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பதிலுக்கு ஏற்றுமதி பிளேட் தருவார்கள். அதன் வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை, அதில் காலாவதித் தேதி. அந்தத் தேதிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். அங்கே வாகன வரி வாங்குவது சுங்கத்துறை. கட்டியதில் மீதி மாதங்களுக்கான பணம் தானாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது.

இங்கே வந்த 14 நாளுக்குள் வண்டி வந்துவிட்டது என்று எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு நோவா என்று பெயர். அது முடியாமல் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ பதிவு செய்யாது. பதிவாகும்வரை சாலையில் ஓட்டக் கூடாது, முன்பதிவு செய்த சோதனைக்குப் போய் வர மட்டும் ஓட்டலாம். இன்சூரன்ஸ் சேஸி நம்பரை வைத்து எடுக்க வேண்டும். பல கம்பெனிகள் போனிலேயே முடியாது என்பார்கள், விடாமல் தேடுங்கள்.

இப்போது ஹெட்லைட். ஐரோப்பாக் காரின் டிம் வெளிச்சம் வலது ஓரத்தைப் பார்த்து ஏறும். இங்கே சாலையின் இடது பக்கம் ஓட்டுவதால் அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பின்னால் இருக்கும் பனிவிளக்கும் வலது பக்கத்திலோ நடுவிலோ இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டும். இதெல்லாம் மாற்றியாயிற்று என்பதற்கு ஆதாரம் காட்டினால்தான் ஜிபி கன்வெர்ஷன் ஐவிஏ என்ற சான்றிதழ் கிடைக்கும், பதிவுக்கு அது வேண்டும். ஸ்பீடோமீட்டர் என் காரில் டிஜிட்டல், மெனுவில் மாற்றினேன், ஒரு நிமிட வேலை. ஹெட்லைட்டை மாற்ற, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் விளக்குக் கண்ணாடிமேல் இரண்டு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, 60 பவுண்டு வாங்கிக்கொண்டு, "மாற்றப்பட்டது" என்று கடிதமும் கொடுத்தார். அந்த ஸ்டிக்கர் சுற்றுலா வருகிறவர்களுக்கானது. போட்டோவைப் பார்த்ததும் சான்றிதழ் தருகிறவர்கள் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள், அது நியாயம்தான். பழைய உதிரிபாகம் விற்பவரிடம் வலது பக்க ஸ்டியரிங் காருக்கான ஜோடி விளக்கு 420 பவுண்டுக்குக் கிடைத்தது. மாட்டக் கூலி 120. ஒரு மாதம் கார் வாசலில் நின்று தூசி வாங்கியது.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. 3 வருடம் தாண்டிய கார் என்பதால் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை, அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. அப்புறம் பதிவுக்கான வி55/5 விண்ணப்பப் படிவம், பதிவுக் கட்டணம் 55, ஒரு வருட வாகன வரி 180. எல்லாவற்றையும் ஸ்வான்சீயில் இருக்கும் டிவிஎல்ஏவுக்குத் தபாலில் அனுப்பினேன். கார் முதலில் பதிவானது 2018 அக்டோபர் என்பதால் அந்த அரையாண்டைக் குறிக்கும் 68 என்ற எண்ணோடு நம்பர் வந்தது.

விளக்குச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயே விற்றிருக்கலாம் என்பதுதான் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். பார்க்கிங் தடுப்பில் டிக்கெட் மெஷின் வலது பக்கம், தனியாகப் போனால் இன்னமும் இறங்கி ஒரு சுற்று ஓடிப்போய்த்தான் டிக்கெட் எடுக்கிறேன். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார். மனைவி கூட இருந்தால் கையை நீட்டி அவளே எடுத்துவிடுவாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஜெர்மனிப் பதிவுச் சான்று இரண்டு பாகத்தையும் அசலாகவே அனுப்ப வேண்டும், அது திரும்பி வராது. அனுப்பும் முன் இரண்டு பக்கமும் தெளிவாக ஸ்கேன் எடுத்து வையுங்கள்.