சலங்கை இருக்கட்டும், நூலைப் பாருங்கள்

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் ஐந்து வயதுக் கத்தியவாரிப் பெண் குதிரை வாங்கினேன். பேரம் முடித்துவைத்த தரகர், சலங்கை கோத்த கண்ணாடி மணிமாலை ஒன்றையும் விற்றார். அதை மாட்டினாலே குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. பழகிவிடுமா, கழற்றிப் போட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பெரும்பாலான குதிரைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். நம் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை. குதிரைக்கு 33,000 வரை எட்டும். திடீரென்று தன் கழுத்திலேயே ஓசை கிளம்பினால் அது வேறென்ன செய்யும்? தீனி வைக்கும்போது சற்றுத் தள்ளி நின்று மெதுவாகக் குலுக்குங்கள். விறைத்த காதுகள் தளர்ந்ததும் நெருங்குங்கள். முகர்ந்து பார்க்கட்டும். பிறகு தோளில் தடவி, கழுத்தில் மாட்டி, கையில் பிடித்து நடத்துங்கள். ஏறி உட்காருவது கடைசி வேலை.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: மாலையைக் கோத்திருக்கும் நூல். இப்போது விற்பவற்றில் பலவும் நைலான். வேலியிலோ கிளையிலோ மாலை சிக்கினால் குதிரை முழு பலத்தோடு பின்னுக்கு இழுக்கும். நைலான் அறாது, தோலை அறுக்கும். பிடரி மயிருக்குக் கீழே விரல் நீளத்துக்கு முடி முளைக்காத தழும்போடு ஒரு குதிரை என்னிடம் வந்தது. அதற்கு மாலை விற்றவர் சொன்னது, “ஆயுசுக்கும் அறாது” என்று! அறுவதுதான் மாலைக்கு இருக்கவேண்டிய குணம். ஓரிடத்தில் மட்டும் இரண்டு மூன்று இழைப் பருத்தி நூலால் முடியுங்கள். கையால் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிட வேண்டும். கண்ணாடி மணிக்குப் பதில் மர மணி கோத்துக்கொள்ளுங்கள். உடைந்த சில்லு தீனித் தொட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஏமாற்று, சலங்கை. உத்தரப் பிரதேசத்து ஜலேசரில் நல்ல பித்தளைச் சலங்கை வார்க்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி, மஞ்சள் முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டுவார்கள். வியர்வை பட்டால் துருப்பிடித்துவிடும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். இழுத்தால் இரும்பு. ஆனால் ஒன்று: நல்ல பித்தளைச் சலங்கைக்குள்ளும் இரும்புக் குண்டு இருப்பதுண்டு. காந்தம் அதை இழுக்கும். ‘டக்’ என்று உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து நல்ல சலங்கையை எறிந்துவிடாதீர்கள். மாலையில் கோக்கும் காதுவளையத்தில் காந்தத்தை வையுங்கள். குண்டு அங்கே எட்டாது. அங்கும் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம், இரும்புதான்.

பிராணிவதைத் தடைச் சட்டம் வந்தது 1960இல். எத்தனையோ சந்தைகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு மாலையின் நூலை இழுத்துப் பார்த்த அதிகாரியை இதுவரை நான் கண்டதில்லை. குதிரைக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளவே ஊர் ஊராக அலையவேண்டிய நிலையில், கழுத்து மாலையை யார் கேட்பது? அதனால் நீங்களே பாருங்கள்.

மாலை, கழுத்து தோளோடு சேரும் இடத்தில் படிய வேண்டும். முன்னங்கால் மாட்டும் அளவுக்குத் தொங்கக் கூடாது. தலை குனிந்தால் காதுவரை சரியும். சேணத்தின் முன்வளையத்தோடு அதே பருத்தி நூலால் இணைத்துவிடுங்கள். சவாரி முடிந்து சேணம் இறங்கும்போது மாலையும் இறங்கட்டும். லாயத்திலும் மேய்ச்சலிலும் குதிரையின் கழுத்து வெறுமையாக இருக்க வேண்டும்.