நைஜீரியாவின் பயாஃப்ரா போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியும், அந்த நாட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இக்போ மக்கள் ஏன் அதையே பேசுகிறார்கள்? அவர்களுக்குத் தனி நாடுதான் வேண்டுமா?

லேகோஸில் வாகன உதிரிபாக வியாபாரத்தில் இருந்தவன் நான். அந்தத் தொழிலில் இறங்கினால் எதிர்க்கடைக்காரர் பெரும்பாலும் இக்போவாகத்தான் இருப்பார். லடிப்போ சந்தையில் அவர்களோடு பேரம் பேசி, சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டுப் பழகியதையும், அதனால் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

தனி நாடு வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பழகிய பலர் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: செத்தவர்களுக்கு யார் பொறுப்பு என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். 1966-ல் படுகொலை நடந்தபோதும் சொல்லவில்லை, 1970-ல் போர் முடிந்தபோதும் சொல்லவில்லை. இன்றைக்கு நாடெங்கும் ஆட்கடத்தலும் கொலையும் நடக்கும்போதும் சொல்வதில்லை. பழைய கதை பழைய கதையாக முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

நைஜீரிய அரசும் அந்தப் போரை நினைவுகூரத்தான் செய்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 15 ராணுவத்தினர் நினைவு நாள். அபுஜாவில் குடியரசுத் தலைவர் மலர்வளையம் வைப்பார், வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிடுவார்கள். முன்பு உலகப் போர் வீரர்களுக்காக நவம்பர் 11-ல் இருந்த நாளை, 1970-ல் பயாஃப்ரா சரணடைந்த தேதிக்கு மாற்றினார்கள். இக்போ மக்களின் நாள் மே 30. 1967-ல் கிழக்கு மாகாண ராணுவ ஆளுநர் ஓஜுக்வு பயாஃப்ரா குடியரசை அறிவித்த நாள் அது. அரசு நாட்காட்டியில் அதற்கு இடம் கிடையாது.

போருக்கு முந்தைய கதை தெரியாமல் இது புரியாது. 1966 ஜனவரியில் இளம் மேஜர்கள் சிலர் ராணுவப் புரட்சி செய்தார்கள். முன்னின்றவர்களில் பெரும்பாலோர் இக்போ. பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா, வடக்கு மாகாண முதல்வர் அகமது பெல்லோ, மேற்கு மாகாண முதல்வர் அகிந்தோலா கொல்லப்பட்டார்கள். இக்போ அரசியல் தலைவர் யாரும் சாகவில்லை. வடக்கில் இதை இக்போ சதி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அதை அடக்கிய தளபதி அகுயி இரோன்சியும் இக்போ, செத்த ராணுவ அதிகாரிகளில் இக்போ ஒருவர் உண்டு, சதியில் யொரூபா மேஜர் ஒருவரும் இருந்தார் என்பதையெல்லாம் கேட்க அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. முன்னாள் ராணுவ ஆட்சியாளர் பாபங்கிடா, அது இக்போ புரட்சி அல்ல என்று 2025-ல் வந்த தன் சுயசரிதையில் எழுதினார். லடிப்போக்காரர்களுக்கு அந்தச் செய்தி எரிச்சலைத்தான் தந்திருக்கும். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

ஜூலையில் வடக்கு ராணுவ அதிகாரிகளின் பதில் புரட்சி நடந்து, ஆட்சியில் இருந்த இரோன்சி கொல்லப்பட்டார், ராணுவ அதிகாரி கோவோன் ஆட்சிக்கு வந்தார். செப்டம்பர், அக்டோபரில் வடக்கு நகரங்களில் இக்போக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். ரயில்வே குமாஸ்தா, தபால் ஊழியர், கடைக்காரர் என்று அங்கே தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கிழக்கே ஓடி வந்தார்கள். 1967 ஜனவரியில் கானாவின் அபுரியில் கோவோனும் ஓஜுக்வுவும் சமரசப் பேச்சு நடத்தினார்கள். ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். மே 27 அன்று கோவோன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்தார், கிழக்கின் எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி இக்போ மாநிலத்துக்கு வெளியே போனது. மூன்றாம் நாள் பயாஃப்ரா அறிவிப்பு. ஜூலையில் போர்.

முப்பது மாதப் போரில் குண்டைவிடப் பசி கொன்றதுதான் அதிகம். மத்திய அரசுப் படை கடலையும் சாலையையும் அடைத்துவிட்டது. மொத்தச் சாவு 10 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பத்து லட்சத்துக்கும் முப்பது லட்சத்துக்கும் இடையில் எத்தனை பேர் எண்ணப்படாமலே போயிருக்கிறார்கள் பாருங்கள். பயாஃப்ரா தரப்பினர் உலி என்ற ஊரில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி ஓடுதளமாக்கி, இரவில் மட்டும் விமானம் இறக்கினார்கள். குண்டு போடும் விமானத்துக்குத் தெரியக் கூடாது என்று, விமானம் நெருங்கிய பிறகு சில கணம் விளக்கைப் போட்டு அணைப்பார்கள். தேவாலய அமைப்புகள் சாவோ டோமே தீவிலிருந்து பால் பவுடரும் நார்வேக் கருவாடும் ஏற்றி வந்தன. அந்தக் கருவாட்டை ஒக்போரோக்கோ என்பார்கள். இன்றைக்கும் இக்போ வீட்டு விருந்துச் சூப்பில் அது இல்லாமல் இருக்காது. வாசனை நம் ஊர்க் கருவாட்டையே தோற்கடிக்கும், முதல் தடவை சாப்பிடக் கொஞ்சம் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அசாபாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நைஜர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற இக்போ ஊர் அது. பயாஃப்ராவுக்குள் வரவே இல்லை. 1967 அக்டோபரில் மத்திய அரசுப் படை ஊருக்குள் புகுந்து ஆட்களைச் சுட ஆரம்பித்தது. நாம் விசுவாசிகள் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். விசேஷத்துக்கு உடுத்தும் அக்வா ஓச்சா என்ற வெள்ளைக் கைத்தறித் துணியைக் கட்டிக்கொண்டு, 'ஒரே நைஜீரியா' என்று பாடி ஆடிக்கொண்டு ஊரே ஊர்வலமாகப் போனது. ஓக்பே ஒசோவா என்ற பேட்டையில் ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்து நிறுத்தி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்தச் சில நாட்களில் செத்தவர்கள் பல நூறு பேர். பல ஆண்டு கழித்து கோவோன் அசாபாவுக்கே போய் வருத்தம் தெரிவித்தார். வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. அந்தப் படைப்பிரிவின் தளபதி முர்தலா முகமது 1975-ல் நாட்டின் தலைவரானார். லேகோஸ் விமான நிலையம் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. இக்போ வியாபாரி ஒருவர் சரக்கெடுக்கச் சீனாவுக்குக் கிளம்பினால் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

நான் அதிகம் சரக்கு வாங்கிய பெரியவர், இக்போ பூமியில் நெவி என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். போர்க்காலத்தில் சிறுவன். அவருடைய அப்பா போர்ட் ஹார்கோர்ட்டில் கடை வைத்திருந்தார், வங்கியில் நல்ல சேமிப்பும் இருந்தது. போர் முடிந்ததும் 'வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை' என்று கோவோன் அறிவித்தார். ஆனால் பயாஃப்ரா பக்கம் இருந்த வங்கிக் கணக்குக்காரர்களுக்கு, எவ்வளவு போட்டு வைத்திருந்தாலும் சரி, 20 பவுண்டு மட்டும் கொடுத்தார்கள். இக்போக்கள் விட்டு ஓடிய போர்ட் ஹார்கோர்ட் வீடுகளைக் 'கைவிடப்பட்ட சொத்து' என்று வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972-ல் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை உள்நாட்டுக்காரர்கள் வாங்கலாம் என்று சட்டம் வந்தபோது, வாங்குகிற அளவுக்கு இக்போக்கள் கையில் காசு இல்லை.

பெரியவர் இதையெல்லாம் கோபமாகச் சொல்ல மாட்டார். பில் போட்டுக்கொண்டே சொல்வார். "ஓகா (முதலாளி), எங்க அப்பா அந்த இருபது பவுண்டை ஒரு சைக்கிளுக்குக் கொடுத்தார், அதிலிருந்துதான் இந்தக் கடை." அவரும் பதினான்கு வயதில் ஒரு முதலாளியிடம் வேலை கற்கப் போனவர்தான். சம்பளம் கிடையாது, சாப்பாடும் இடமும் உண்டு. சில வருஷம் கழித்து முதலாளி முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக்கொடுத்தார். இந்த 'இக்பா போய்' ஏற்பாட்டை வைத்துத்தான் அந்தச் சமூகம் மறுபடி எழுந்தது. அரசு கைகொடுக்கவில்லை என்பதை அவர்கள் பெருமையாகவும் சொல்வார்கள், புகாராகவும் சொல்வார்கள்.

ஒரு மே 30 அன்று அவர் கடைக்குப் போயிருந்தேன். பின்னறையில் ஷாக் அப்சார்பர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேலை கற்கும் பையன்கள் சுவரோரம் நின்றார்கள். மரத்தட்டில் கோலா கொட்டை. மூத்தவர் அதைக் கையில் எடுத்து இக்போவில் பிரார்த்தனை சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்கள் 'இசே', அப்படியே ஆகட்டும், என்றார்கள். கொஞ்சம் ஜின்னைத் தரையில் ஊற்றினார்கள். பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும் என்ற பழமொழி அந்தப் பிரார்த்தனையில் தவறாமல் வரும். பசியில் வீங்கிச் செத்த தன் தங்கையின் பெயரைப் பெரியவர் சொன்னார். கொட்டையை உடைத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், நல்ல கசப்பு. பிறகு கடையைத் திறந்தார்கள், கியர்பாக்ஸ் விலையில் பேரம் தொடங்கியது.

நினைவு நாள் என்றால் எனக்கு இதுதான். ஆனால் இக்போக்களின் சொந்த ஊர்ப் பக்கம் மே 30 இப்படி அமைதியாகக் கழிவதில்லை. 2016-ல் ஒனிச்சாவில் நினைவு நாளுக்குக் கூடியவர்களைப் பாதுகாப்புப் படையினர் சுட்டார்கள், குறைந்தது 60 பேர் செத்ததாக ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு சொன்னது. 2024-ல் அதே நாளில் அபா நகரில் சோதனைச் சாவடியில் நின்ற ராணுவத்தினரை ஆயுதக்காரர்கள் கொன்றார்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் கேட்காமலும் இல்லை. ராணுவ ஆட்சி முடிந்து 1999-ல் குடியரசுத் தலைவரான ஒபசாஞ்சோ அமைத்த ஒபுடா விசாரணைக் குழுவின் முன்னால் இக்போ அமைப்பான ஒஹானேஸ் பெரிய மனு வைத்தது. குழு 2002-ல் அறிக்கை கொடுத்தது, அரசு அதை வெளியிடவே இல்லை. 1970-ல் போர்க்களத்தில் பயாஃப்ராவின் சரணடைவை ஏற்ற தளபதியும் அதே ஒபசாஞ்சோதான். போருக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி நாட்டை ஆண்டவர்கள் அந்தப் போரில் மத்திய அரசின் பக்கம் நின்ற அதிகாரிகள். அவர்களில் ஒருவரான புஹாரி, குடியரசுத் தலைவராக இருந்த 2021-ல், போரை நேரில் பார்த்த நாங்கள் 'அவர்களுக்குப் புரிகிற மொழியில்' பதில் சொல்வோம் என்று ட்விட்டரில் எழுதினார். ட்விட்டர் அதை நீக்கியது. அரசு ட்விட்டரையே ஏழு மாதம் தடை செய்தது.

இந்த வெற்றிடத்தில்தான் நாம்தி கானு வளர்ந்தார். லண்டனிலிருந்து பயாஃப்ரா வானொலி நடத்தியவர். அவர் பேச்சில் வெறுப்பு தாராளமாக இருக்கும், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2021-ல் கென்யாவிலிருந்து அவரைப் பிடித்து வந்ததும், அவரை விடுவிக்கக் கோரி அவருடைய ஐபாப் இயக்கம் திங்கள்கிழமை தோறும் வீட்டோடு இருக்கச் சொன்னது. பிறகு திரும்பப் பெற்றுவிட்டோம் என்றது, ஆனால் அது நிற்கவில்லை. கடை திறந்தவர்களை, பேருந்து ஓட்டியவர்களை 'அடையாளம் தெரியாத துப்பாக்கிக்காரர்கள்' தாக்கினார்கள். நாலு ஆண்டில் 700-க்கு மேற்பட்டோர் இதில் செத்ததாக எஸ்.பி.எம். இன்டெலிஜென்ஸ் என்ற லேகோஸ் ஆய்வு நிறுவனம் 2025-ல் கணக்குச் சொன்னது. செத்தவர்களில் பெரும்பாலோர் இக்போதான். வியாபாரத்தையே உயிராக நினைக்கிற ஒரு சமூகத்தை வாரத்தில் ஒரு நாள் கதவைச் சாத்த வைப்பது எந்த விடுதலைக் கணக்கில் வரும் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த குடும்பங்கள் சில, வழியில் ஆட்கடத்தல் பயத்தால் கல்யாணத்தைச் சொந்த ஊரில் வைக்காமல் அசாபாவில் வைத்துக்கொண்டன. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகாத இக்போவை முன்பெல்லாம் பார்க்கவே முடியாது.

சரி, எப்படிப்பட்ட தலைமையை எதிர்பார்க்கிறார்கள்? சுதந்திர நைஜீரியாவில் தேர்தலில் வென்று ஆட்சி நடத்திய இக்போ குடியரசுத் தலைவர் இதுவரை இல்லை. அசிகிவே இருந்தார், ஆனால் அது அதிகாரமில்லாத பதவி. இக்போ பூமியான தென்கிழக்குக்கு ஐந்து மாநிலங்கள்தான், மற்ற மண்டலங்களுக்கு ஆறு, வடமேற்குக்கு ஏழு. மாநிலத்துக்கு மூன்று செனட்டர் என்பதால் இந்தக் குறை ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் எதிரொலிக்கும். ஆகவே 'எங்கள் ஆள்' என்ற ஆசை இருப்பது நியாயம்தான்.

ஆனால் 2023 தேர்தல் அதற்கும் மேலே ஒன்றைக் காட்டியது. இக்போ மாநிலமான அனம்ப்ராவின் முன்னாள் ஆளுநர், இக்போவான பீட்டர் ஓபி சுமார் 61 லட்சம் ஓட்டு வாங்கினார், நூற்றுக்கு 25. மூன்றாம் இடம்தான். ஆனால் வென்று குடியரசுத் தலைவரான தினுபுவின் கோட்டையான லேகோஸில் அவர்தான் முதல். பிளேட்டோ, நசராவா மாநிலங்களிலும் வென்றார். அந்த இரண்டும் இக்போ பூமி இல்லை. பல ஆண்டுகளாகக் கிராமங்கள் கொளுத்தப்பட்டு, யார் செய்தார்கள் என்பது வெளிவராமலே பிணங்களைப் புதைத்து வருகிற மத்தியப் பகுதி அது. 2023 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு பிளேட்டோவில், 2025 ஜூனில் பெனுவேயின் யெல்வாத்தாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அசாபாக்காரர்கள் கேட்கிற அதே கேள்வியை இப்போது அவர்களும் கேட்கிறார்கள். வடமேற்கில் கொள்ளையரிடம் பணயத்தொகை கட்டும் ஹவுசா விவசாயியின் நிலைமையும் வேறல்ல. இக்போ பிரச்சினை இக்போவோடு நிற்கவில்லை என்பதைத் தனி நாடு கேட்பவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை.

அந்தத் தேர்தலுக்குச் சில வாரம் கழித்து லேகோஸ் ஆளுநர் தேர்தல் வந்தது. இக்போ வாக்காளர்களைப் பல வாக்குச்சாவடிகளில் மிரட்டித் துரத்தினார்கள். 2025 நவம்பரில் கானுவுக்கு ஆயுள் தண்டனை வந்தது. வானொலியில் பேசியவனுக்கு ஆயுள், அசாபாவில் சுட்டவனுக்கு என்ன என்று பெரியவரின் இளைய மகன் எனக்குக் குரல்செய்தி அனுப்பினான். கானு செய்தது வெறும் பேச்சு அல்ல என்று பதில் போட்டேன். அவன் கேட்டதில் இரண்டாம் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பெரியவருக்கு லேகோஸில் இரண்டு கட்டடம், அபுஜாவில் ஒரு கிளை, கானோவில் வாடிக்கையாளர்கள். நாடு பிரிந்தால் முதலில் நஷ்டம் தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். நாடே வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 2023-ல் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார், 2027-லும் போடுவேன் என்கிறார். அடுத்த முறை எந்த வாக்குச்சாவடிக்கும் போகப் போவதில்லை என்கிறான் இளைய மகன்.