ஊர் வரலாற்றுக்குக் குறிப்புரையோடு நூலடைவு தயாரிப்பது எப்படி?

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள உங்கள் ஊரின் வரலாற்றைத் தொகுக்கிறீர்கள்; நூலடைவில், அதாவது பயன்படுத்திய நூல்களின் பட்டியலில், ஒவ்வொரு நூலையும் சுருக்கி எழுதினால் அது குறிப்புரை ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. நூலில் என்ன இருக்கிறது என்பதைப் பொருளடக்கமே சொல்லிவிடும். எழுதியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது, உங்கள் ஊர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பவைதான் குறிப்புரையின் வேலை. நாலைந்து வரி போதும். ஆனால் நூல் கையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

பாளையக்காரர் போரை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் வெல்ஷ் 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு இருந்தவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830இல் அச்சாயின. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘நேரில் கண்டவர், ஆனால் எதிர்த்தரப்பு அதிகாரி. சம்பவத்துக்கும் அச்சுக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளி.’ அடுத்து 1881இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு: ‘1801 வரையிலான கதை. ஆசிரியர் போரைப் பார்த்தவர் அல்லர். போரைப் பற்றிய பகுதிக்கு வெல்ஷை எடுத்தாள்கிறார்.’ இப்போது பாருங்கள், அலமாரியில் இரண்டு நூல், சாட்சி ஒன்றுதான். கால்டுவெல்லைப் பார்த்து எழுதிய பிற்கால நூல்கள் பத்து சேர்ந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்ற இந்த ஒரு வரிக்காகவே குறிப்புரை எழுதலாம் என்பேன்.

1986க்கு முன் உங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பழைய ஆவணங்களையும் நூல்களையும் அந்தப் பெயரில் தேடுங்கள். வருவாய்ப் பதிவேடுகளில் பசலி எனும் வருவாய்க் கணக்கு ஆண்டுதான் இருக்கும், ஆங்கில ஆண்டு தெரிய 590 கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பசலி ஜூலையில் பிறப்பதால் பசலி 1316 என்றால் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை. இரண்டு கணக்கையும் சேர்த்தே குறியுங்கள்.

கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர் போன்றவற்றை ஆராய்ச்சிக்காரர்கள் ஏனோ ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றிலுள்ள வாழ்த்துரைகளை நானும் புரட்டித் தள்ளிவிடுவேன். நன்கொடையாளர் பட்டியலையும் பின்பக்க விளம்பரங்களையும் விடவே மாட்டேன். அந்த ஆண்டில் ஊரில் யார் ஜவுளிக்கடை வைத்திருந்தார், யார் அரிசி ஆலை நடத்தினார் என்பதெல்லாம் எந்த கெஜட்டியரிலும் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பிலும்) கிடைக்காது. குறிப்புரையில் ‘விளம்பரப் பக்கங்கள் பயனுள்ளவை’ என்று தயங்காமல் எழுதுங்கள். மலர் யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் உரியவரிடம் கேட்டுக்கொண்டு பதியுங்கள்.

அகர வரிசை நூலகத்துக்குப் பொருந்தும். உங்கள் வேலைக்கு எழுதப்பட்ட கால வரிசையே நல்லது. யார் யாருக்குப் பின் எழுதினார் என்பது பார்த்தவுடன் புரியும். இன்னொருவர் மேற்கோள் வழியாக மட்டும் தெரிந்த நூல் என்றால், ‘நேரில் பார்க்கவில்லை’ என்று அந்தப் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.