ரோடே இல்லாத ஸ்டேஷன்

கேள்வி: இங்கிலாந்துல ரோடே போகாத ரயில்வே ஸ்டேஷன் ஒண்ணு இருக்காமே, நெஜமா?

பதில்: நெஜம்தாங்க, பேரு பெர்னி ஆர்ம்ஸ், நார்ஃபோக்ல இருக்கு. 1844ல திறந்த நாரிச்–யார்மவுத் ரயில் லைனைப் போட நிலம் கேட்டப்போ, தாமஸ் ட்ரெஞ்ச் பெர்னிங்கற நிலக்காரர் ‘தரேன், ஆனா எனக்கொரு ஸ்டேஷன் கட்டணும்’னு கண்டிஷன் போட்டார், கம்பெனியும் கட்டுச்சு, அப்புறம் ‘ஸ்டேஷன்தானே கேட்டீங்க, வண்டி நிக்கணும்னு சொல்லலியே’ன்னு நிறுத்தாம போக ஆரம்பிச்சுட்டாங்க (கில்லாடிங்க!), தகராறு முத்தி கடைசியில ஒருவழியா சமரசம் ஆச்சு. இப்பவும் சதுப்பு மேய்ச்சல் நிலத்துக்கு நடுவுல ஒரு குட்டி பிளாட்ஃபாரம்தான், நடந்து வரணும், இல்ல படகு. வாரநாள்ல விரல் விட்டு எண்ற அளவு ரயில், அதுவும் பஸ்ஸுக்கு கை காட்டற மாதிரி காட்டினாதான் நிக்கும், இறங்கணும்னா கார்டுகிட்ட முன்னாடியே சொல்லிடணும். சிக்னல் வேலைக்காக 2018லேருந்து 2020 வரைக்கும் மூடியே வச்சிருந்தாங்க. கிட்டத்துல ஆத்தோரமா பழைய காத்தாலை (விண்ட்மில்) ஒண்ணு நிக்குது, அதைப் பார்க்கவே போலாம்.