பையன் சீரிஸ் பார்க்கிறானா, சீரிஸைப் பார்த்து எழுதுகிறானா?

அக்கா, உங்கள் பையன், நம்ம தம்பி, இன்ஸ்டாகிராமில் போட்டதென்று நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது, இவன் ராத்திரியெல்லாம் வெப் சீரிஸ் பார்த்துவிட்டுப் பகலில் அதையே கிண்டலடித்து எழுதிக்கொண்டு கிடக்கிறான், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். பார்ப்பது சோறு போடாது. எழுதுவது போடும், அதற்கு வழி இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினால், பையனிடம் இருக்கிற உருப்படியான விஷயமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அந்த மின்தடை அறிவிப்பு போஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "புதிய சீசன் வெளியாவதால் இன்று இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் தூக்கம் நிறுத்தப்படும்: தண்டையார்பேட்டை மாடி ரூம், புது வண்ணாரப்பேட்டை சித்தி வீடு, கொருக்குப்பேட்டை மொட்டை மாடி மற்றும் அதனைச் சுற்றியுள்ள கண்கள். பணிகள் முடிவடைந்தால் 5 மணிக்கு முன்பாகவே தூக்கம் வழங்கப்படும்." இதைப் படித்து நீங்கள் சிரித்தீர்களா இல்லையா? ஈ.பி. அறிவிப்பு எப்படி இருக்குமோ அதே வரிசை, அதே விறைப்பான நடை, கடைசியில் வரும் அந்த ஆறுதல் வரிகூட அப்படியே இருக்கிறது. மின்சாரம் என்று வரவேண்டிய இடத்தில் தூக்கத்தை வைத்தான், பகுதிகள் என்பதைக் கண்களாக்கினான், அவ்வளவுதான். ஒரு ஆச்சரியக்குறி கிடையாது, சிரிக்கிற பொம்மை கிடையாது. எங்கே கை வைக்கக் கூடாது என்று பதினேழு வயதில் தெரிந்திருப்பது லேசான காரியமில்லை. விளம்பர எழுத்தில் பல வருஷம் இருப்பவர்களே இந்த இடத்தில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு வரி சேர்த்துக் கெடுப்பார்கள்.

எல்லா போஸ்ட்டும் இதே தரம் என்று சொல்ல மாட்டேன். வடிவேலு முகத்தைப் போட்டு "நான் எபிசோட் 8-ல்" என்று எழுதியதெல்லாம் ஊரே செய்வதுதான், அதில் அவன் கை தெரியவில்லை. ஆனால் ரேஷன் கடை எஸ்.எம்.எஸ். மாதிரி எழுதியது, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியது ("இங்ஙனம், தூங்காத சுற்றமும் நட்பும்"), அவை அவனுடையவை. அந்தத் தெருப் பேச்சை விட்டுவிடச் சொல்லாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். வட சென்னைப் பேச்சு என்றாலே ரவுடிக்கும் காமெடியனுக்கும் வைக்கிற குரல் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. உங்கள் பையன் அதில் அவன் வீட்டு அம்மாவை, சித்தியை, டியூஷன் அக்காவைப் பேச வைக்கிறான். யாரையும் இளக்காரம் செய்யவில்லை. அதுதான் எனக்கு அவனிடம் மிகவும் பிடித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறதே, அது தற்செயல் இல்லை. எங்களுக்குப் போட்டியே தூக்கம்தான் என்ற பொருளில் நெட்ஃபிளிக்ஸ் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் வெளிப்படையாகவே பேசினார். தம்பியின் அறிவிப்பு போய்த் தொடுவதும் அதே இடத்தைத்தான். அதே வருஷம் டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸே ட்விட்டரில் ஒரு பதிவு போட்டது: ஒரு கிறிஸ்துமஸ் படத்தை 18 நாளாகத் தினமும் பார்த்த 53 பேரைப் பார்த்து, உங்களை அப்படி யார் காயப்படுத்தியது என்று கேட்டிருந்தார்கள். சிரித்தவர்கள் ஒரு பக்கம், நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று உளவு பார்க்கிறீர்களா என்று கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம். இப்படி ஒரு பதிவை எழுதுவது ஒருவருடைய வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. ஒரு வரி எப்படி வேலை செய்கிறது, எங்கே எல்லை தாண்டுகிறது என்று யோசிக்கத் தெரிந்தவர்களைத்தான் காப்பிரைட்டர் (விளம்பர வரி எழுதுபவர்), கன்டென்ட் ரைட்டர், சோஷியல் மீடியா எக்ஸிகியூட்டிவ் என்ற பெயர்களில் எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. எழுத்தில் திறமை இருந்தால் ஏறும்.

சரி, படிப்புக்கு வருவோம். பிளஸ் டூவில் தம்பி காமர்ஸ் குரூப் என்பதால் கதவு எதுவும் பெரிதாக மூடவில்லை. மூன்று வருட விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், பல கல்லூரிகளில் இருக்கிறது, ஆனால் சுயநிதிப் பிரிவில் ஃபீஸ் அதிகம், கேமரா லேப்டாப் செலவு தனி, அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் டைரக்‌ஷன், எடிட்டிங், அனிமேஷன் எல்லாம் நான்கு வருடப் பட்டப்படிப்பு. எதற்கு எந்த குரூப் கேட்கிறார்கள் என்று பிராஸ்பெக்டஸில் பாருங்கள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது, அங்கே விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் உண்டு, ஆனால் நுழைவுத் தேர்வில் வரைய வேண்டும். தம்பிக்கு வரைவதில் ஆர்வமில்லை என்றால் அங்கே தள்ள வேண்டாம்.

என் கணிப்பைக் கேட்டால், உங்கள் வீட்டு நிலைமைக்கு முதல் தேர்வு வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியிலோ பக்கத்திலேயே இருக்கிற தியாகராயா கல்லூரியிலோ ஒரு நல்ல பட்டப்படிப்பு, பி.காம். ஆனாலும் சரி, தமிழோ ஆங்கிலமோ இலக்கியம் ஆனாலும் சரி. எழுதுவதற்கு விஸ்காம் சான்றிதழை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் நெட்டுக்கும் ஆகும். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளையும் விட்டுவிட வேண்டாம். கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டி, வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிப்ளமோவில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் அவசரம் இருக்கிறது. அந்த அறிவிப்பு போஸ்ட்டின் மூலையில் மின்வாரிய முத்திரையை ஒட்டியிருக்கிறான். இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். நையாண்டி செய்யலாம், அது தப்பில்லை. ஆனால் உண்மையான அறிவிப்பு என்று யாராவது நம்பிவிடும்படி இருக்கக் கூடாது. இன்னொருவராக நடித்து ஆன்லைனில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை என்று இருக்கிறது. இவன் ஏமாற்றவில்லைதான், இருந்தாலும் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஓ.டி.டி. கம்பெனி பெயரில் கணக்கு தொடங்குகிற யோசனை இருந்தால் அதையும் விடட்டும். படக் காட்சிகளை வெட்டி ரீல்ஸாக நீளமாகப் போடுவதும் வம்பு. 1957 பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்கு இடம் தருகிறது, ஆனால் அதை நம்பி முழுக் காட்சியைப் போட முடியாது. அவனுடைய பலம் எழுத்துதான், அடுத்தவர் வீடியோ எதற்கு? காசு கொடுத்து யாராவது போஸ்ட் போடச் சொன்னால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதி.

அப்புறம் தூக்கம். உங்கள் கவலையில் நூற்றுக்கு நூறு நியாயம் இருப்பது இங்கேதான். பரீட்சை முடியும் வரை பார்ப்பது சனி ஞாயிறு மட்டும், அதுவும் ஹாலில், செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு. எழுதுவதற்குத் தினமும் அரை மணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், போனில் இல்லாமல் நோட்டில். போன் பத்து மணிக்கு உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டும். இதை உத்தரவாகச் சொல்லாமல் ஒப்பந்தமாகப் பேசுங்கள், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலில் அந்த ஈ.பி. போஸ்ட் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பாதிச் சண்டை வராது.

பரீட்சைக்கு அப்புறம் இருக்கிற லீவில் அவனை ஒரு தொகுப்பு தயார் செய்யச் சொல்லுங்கள். இருப்பதில் நல்லதாகப் பத்து போஸ்ட், ஒவ்வொன்றின் கீழும் எந்த வடிவத்தை எடுத்தேன், எதை மாற்றினேன், எதை வேண்டுமென்றே விட்டேன் என்று மூன்று நான்கு வரி. லைக் எண்ணிக்கை வேண்டாம். அதோடு நம்ம ஏரியா மெஸ்ஸுக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ ஒரு விளம்பர வரி எழுதி, அந்தக் கடைக்காரர் நிஜமாகவே போர்டில் போடுகிறாரா என்று பார்க்கட்டும். அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வரச் சொல்லுங்கள், எந்த ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப் கேட்கலாம் என்று சேர்ந்து பார்க்கிறேன். நீங்களும் கூட வாருங்கள் அக்கா.